ஏழாம் தொகுதி, 231ஆம் பக்கம்

அம்பேத்கர் பிறந்த நாளிலும் அரசமைப்பு நாளிலும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி தவறாமல் வரும். அரசமைப்புச் சட்டத்தை எழுத அமைத்த வரைவுக் குழுவில் ஏழு பேர். ஒருவர் விலகினார். ஒருவர் இறந்துபோனார். ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். இன்னொருவர் அரசாங்கப் பணிகளில் மூழ்கியிருந்தார். ஓரிருவர் தில்லிக்கு வெகுதொலைவில் இருந்தார்கள். கடைசியில் பாரம் முழுவதும் அம்பேத்கர் தோளில் விழுந்தது. இப்படிச் சொன்னவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி என்று முடியும் அந்தச் செய்தி.

இந்தித் திணிப்பு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் வேறு குழுக்களில் வேறொரு செய்தி சுற்றுகிறது. உங்களுக்கு வேண்டியது முழு இந்தியாவா, இந்தி இந்தியாவா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று ஐக்கிய மாகாணத்து உறுப்பினர்களைப் பார்த்து ஒரு தமிழர் சொன்னார் என்கிறது அது. அந்தத் தமிழரும் டி.டி. கிருஷ்ணமாச்சாரிதான்.

இரண்டு செய்தியும் உண்மை. இரண்டும் ஒரே நாளில், ஒரே பேச்சில் சொல்லப்பட்டவை. நாள் 1948 நவம்பர் 5. இடம் தில்லியில் கூடிய அரசியல் நிர்ணய சபை. ஆனால் இரண்டும் ஒரே பேச்சின் துண்டுகள் என்ற தகவல் அந்தச் செய்திகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. துண்டுகளுக்கு நடுவே அவர் என்ன சொன்னார் என்பதும் இருப்பதில்லை.

அந்த நடுப்பகுதியை இன்று யாரும் படிக்கலாம். அனுமதிச் சீட்டு வேண்டாம், பணம் வேண்டாம், தில்லிக்குப் போகவும் வேண்டாம். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன ஓர் அரசு ஆவணம் இந்த நிலைக்கு வந்து சேர்ந்தது எப்படி, வரும் வழியில் எதைப் பெற்றது, எதை இழந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அவையில்

1927இல் திறக்கப்பட்ட பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபம் முதலில் நூலகமாக இருந்தது. 1946இல் அதைச் சீரமைத்து அரசியல் நிர்ணய சபைக்குக் கொடுத்தார்கள். 1946 டிசம்பர் 9 அன்று சபை முதன்முதலாக அங்கே கூடியது. மாகாணச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களும், பின்னர் சமஸ்தானங்களிலிருந்து வந்தவர்களும் அதில் அமர்ந்தார்கள். பிரிவினைக்குப் பிறகு இருந்த 299 இடங்களில் சென்னை மாகாணத்துக்கு 49. ஐக்கிய மாகாணத்துக்கு அடுத்தபடியாக அதிக இடங்கள் சென்னைக்குத்தான்.

அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், என். கோபாலசாமி ஐயங்கார், கே. சந்தானம், துர்காபாய், அம்மு சுவாமிநாதன், தாட்சாயணி வேலாயுதன், வி.ஐ. முனுசாமிப் பிள்ளை, முகமது இஸ்மாயில், பாதிரியார் ஜெரோம் டிசௌசா, சி. சுப்பிரமணியம் எனப் பலரும் சென்னையிலிருந்து போனவர்கள். அவர்களுள் ஒருவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1928இல் சென்னையில் சொந்த வணிக நிறுவனம் தொடங்கியவர், 1937இல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர், பிற்காலத்தில் இந்திய நிதியமைச்சர். பேசும்போது அவருக்கு 50 வயது நிரம்பவில்லை.

1948 பிப்ரவரி 21 அன்று வரைவுக் குழு தன் வரைவைச் சபைத் தலைவரிடம் ஒப்படைத்தது. 315 பிரிவுகள், 8 அட்டவணைகள். எட்டு மாதம் அது பொதுமக்கள் பார்வையில் இருந்தது. நவம்பர் 4 அன்று அம்பேத்கர் அதைச் சபையில் முன்வைத்து நீண்ட உரையாற்றினார். அதன் மீதான பொது விவாதத்தில்தான் மறுநாள் கிருஷ்ணமாச்சாரி எழுந்தார்.

அவர் பேச்சை வரிசையாகப் படித்தால் தொனி வேறாக இருக்கிறது. அம்பேத்கர் பேசியதைக் கவனமாகக் கேட்டவர்களுள் நானும் ஒருவன், அவர் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்பதை அறிவேன் என்று தொடங்குகிறார். அடுத்தே, இவ்வளவு முக்கியமான அரசமைப்புக்குத் தேவைப்பட்ட கவனத்தை வரைவுக் குழு தரவில்லை என்கிறார். அதற்குக் காரணமாகத்தான் ஏழு பேரின் நிலையை அடுக்குகிறார். பாரம் அம்பேத்கர் மேல் விழுந்தது, அதை அவர் பாராட்டத்தக்க விதத்தில் முடித்தார், நாம் நன்றியுடையவர்கள் என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. நான் சொல்ல வந்தது அதுவல்ல, குழு முழுவதுமாக இந்த வேலைக்குத் தந்திருக்க வேண்டிய கவனத்தைத் தரவில்லை என்பதே என்று மறுபடியும் அந்த இடத்துக்கே வருகிறார். திருத்தங்களைப் பரிசீலிக்க ஏப்ரலில் இரண்டு நாள் கூடிய கூட்டத்தையும், அதன்பின் அது பற்றிப் பேச்சே இல்லாமல் போனதையும் குறிப்பிடுகிறார்.

ஆக, இன்று அம்பேத்கருக்கான புகழுரையாகச் சுற்றும் வரிகள் ஒரு விமர்சனத்தின் நடுவில் பிறந்தவை. இதனால் அம்பேத்கரின் பெருமை ஒரு மாற்றும் குறையாது. மற்றவர்கள் இல்லாத இடத்தில் ஒருவர் தனியாக நின்று வேலையை முடித்தார் என்று, குறை சொல்ல எழுந்தவரே ஒப்புக்கொள்வது சாதாரணப் புகழைவிட எடை மிக்கது. அந்த எடை முழுப் பக்கத்தைப் படித்தவருக்கே தெரியும்.

சில பக்கங்கள் தள்ளி மொழி வருகிறது. வலுவான மத்திய அரசு தேவை என்பதில் அவருக்கு மறுப்பில்லை. ஆனால் மொழி விஷயத்தில் காட்டும் சகிப்பின்மையைப் பார்த்தால், அந்த வலுவான மத்திய அரசு அதன் மொழியைப் பேசாதவர்களை அடிமைப்படுத்துவதில் முடியுமோ என்று அஞ்சவேண்டியிருக்கிறது என்கிறார். ஆங்கிலத்தைக் கட்டாயப்படுத்தியதால் வெறுத்தோம். இந்த வயதில் இந்தியையும் கட்டாயப்படுத்தினால் என்னால் கற்க முடியாமலும் போகலாம், கற்க மனமில்லாமலும் போகலாம் என்கிறார். தெற்கே பிரிவினை கேட்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்று எச்சரிக்கிறார். முழு இந்தியாவா, இந்தி இந்தியாவா என்ற கேள்வி இதற்குப் பிறகு வருவது. நாட்டைப் பிரிக்க நினைப்பவரின் குரல் அதில் இல்லை. நாடு பிரியாமல் இருக்கவேண்டுமே என்று கவலைப்படுபவரின் குரல் அது.

அச்சில்

பேசி முடித்து அவர் அமர்ந்தபோது அந்தச் சொற்கள் சுருக்கெழுத்தாளர்களின் குறிப்பேடுகளில் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் இருந்தன. அவையில் நடப்பதைச் சொல்லுக்குச் சொல் பதிவது அவர்கள் வேலை. கோடுகள் தட்டச்சாகி, அச்சுக்குப் போய், அரசாங்க அச்சகத்திலிருந்து நாள்வாரியாக அதிகாரப்பூர்வ அறிக்கை என்ற பெயரில் வெளிவந்தன. பின்னர் அவை தொகுதிகளாகச் சேர்க்கப்பட்டன.

சபை எப்போது, எங்கே கூடியது, யார் தலைமை வகித்தார் என்று ஒவ்வொரு நாள் அறிக்கையும் தொடங்கும். பேசுபவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மாகாணமும் தொகுதி வகையும் இருக்கும். கிருஷ்ணமாச்சாரிக்கு 'சென்னை: பொது'. இந்துஸ்தானியில் பேசியவர்களின் உரை ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, உடுக்குறியிட்டு, இது மொழிபெயர்ப்பு என்று அடிக்குறிப்பு சொல்லும். கூச்சல், குறுக்கீடு, கைதட்டல் ஆகியவையும் இடம் பெறும். 1948 நவம்பர் 29 அன்று தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு நிறைவேறியபோது உறுப்பினர்கள் மகாத்மா காந்திக்கு வாழ்த்து முழங்கியதும் அப்படித்தான் பதிவானது.

இப்படி நிரம்பியவை 12 தொகுதிகள். முதல் தொகுதி 1946 டிசம்பர் கூட்டம். நான்காவது 1947 ஜூலை. சுதந்திரம் பெற்ற நள்ளிரவு ஐந்தாவதில் இருக்கிறது. ஆறாவது 1948 ஜனவரி 27 என்ற ஒரே நாள். ஏழாவது 1948 நவம்பர் 4 முதல் 1949 ஜனவரி 8 வரை. எட்டாவது 1949 மே, ஜூன். ஒன்பதாவது அந்த ஆண்டு ஜூலை 30 முதல் செப்டம்பர் 18 வரை. ஆட்சிமொழிச் சண்டை அதில்தான். பத்தாவது அக்டோபர். பதினொன்றாவது நவம்பர் 14 முதல் 26 வரை. பன்னிரண்டாவது 1950 ஜனவரி 24, உறுப்பினர்கள் கையெழுத்திட்ட நாள். கிருஷ்ணமாச்சாரி வரைவுக் குழுவைப் பற்றிச் சொன்னது ஏழாம் தொகுதியின் 231ஆம் பக்கத்தில் இடம் பிடித்தது.

எவ்வளவு பெரிய உழைப்பு இது என்பதற்கு அம்பேத்கரே 1949 நவம்பர் 25 அன்று கணக்குச் சொன்னார். வரைவுக்கு வந்த திருத்தங்கள் ஏறத்தாழ 7,635. சபையில் உண்மையில் முன்மொழியப்பட்டவை 2,473. அதே உரையில் வரைவுப் பணிக்கான பெருமையில் பங்கை அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவுக்கும், தலைமை வரைவாளர் எஸ்.என். முகர்ஜிக்கும் கொடுத்தார். 231ஆம் பக்கத்தைப் படித்தவர்கள் இந்த உரையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று மற்றொன்றை நிறைவு செய்கிறது.

அரசமைப்பின் மூலப்படிக்கு வேறு விதி கிடைத்தது. பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா கையால் எழுத, நந்தலால் போஸும் அவருடைய குழுவினரும் ஓவியம் தீட்டிய அந்தப் படி, நாடாளுமன்ற நூலகத்தில் நைட்ரஜன் வாயு நிரப்பிய கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. அந்தப் படி உருவாகக் காரணமான பேச்சுகள் சாதாரணத் தாளில் அச்சாகி, சாதாரண அட்டை கட்டி, நூலக அலமாரிகளுக்குப் போயின. பேழையில் இருப்பதைப் பார்க்கலாம். அலமாரியில் இருப்பதைத்தான் படிக்க முடியும்.

அலமாரியில்

சட்டமன்ற நூலகங்கள், சட்டக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள், பெரிய பொது நூலகங்கள் ஆகியவைதாம் இந்தத் தொகுதிகளின் வீடு. ஒரு மாவட்டத் தலைநகரத்து ஆசிரியரோ வழக்கறிஞரோ படிக்க நினைத்தால் சென்னைக்கோ மதுரைக்கோ பயணம் வைக்க வேண்டும். உள்ளே போக உறுப்பினர் அட்டையோ சிபாரிசுக் கடிதமோ கேட்பார்கள். எல்லாத் தொகுதியும் அலமாரியில் இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. மக்களவைச் செயலகம் பிற்பாடு தொகுதிகளை மறுபதிப்புச் செய்தது பெரிய உதவி. என்றாலும் வீட்டில் வாங்கி வைக்கக்கூடிய அளவுள்ள நூல் அல்ல அது.

அதனால் பல பத்தாண்டுகள் இந்தப் பக்கங்கள் நமக்கு நேராக வரவில்லை. அறிஞர்கள் வழியாக வந்தன. அமெரிக்கரான கிரான்வில் ஆஸ்டின் 1966இல் வெளியிட்ட நூல் இந்திய அரசமைப்பு உருவான கதையை முதன்முதலாக முழுமையாகச் சொன்னது. மொழிச் சிக்கலுக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. அதே காலத்தில் பி. சிவராவ் நான்கு தொகுதி ஆவணங்களையும் ஓர் ஆய்வுத் தொகுதியையும் வெளியிட்டார். 'தி இந்து'வின் தில்லிச் செய்தியாளராக இருந்தவர் அவர்; சென்னை மாகாணத்தின் சார்பில் சபையிலும் உட்கார்ந்தவர். குழு அறிக்கைகள், குறிப்புகள், கடிதங்கள் என்று அவையில் பேசப்படாத பகுதியைத் தொகுத்ததால் அவர் பணிக்கு இன்றும் மாற்று இல்லை.

இவர்கள் எடுத்தாண்ட மேற்கோள்களே பாடநூல்களுக்கும் மேடைப் பேச்சுகளுக்கும் போயின. ஒருவர் மேற்கோளைப் பார்த்து மற்றவர் எடுக்க, முன்னும் பின்னும் உள்ள வரிகள் ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தன. இந்த உதிர்வு வாட்ஸ்அப்புக்கு மிக முன்பே தொடங்கியது. மூலத்தைப் புரட்டிப் பார்க்க வழியற்றவர்களை அதற்காகக் குற்றம் சொல்ல முடியாது.

நீதிமன்றத்தில்

நீதிமன்றங்களும் இந்தப் பக்கங்களை உடனே உள்ளே விடவில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை அரசுக்கு எதிராகத் தொடுத்த தடுப்புக்காவல் வழக்கு 1950இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பற்றிய 21ஆம் பிரிவுக்கு என்ன பொருள் என்பது கேள்வி. நிர்ணய சபையில் என்ன பேசினார்கள் என்பதைக் கொண்டு அந்தப் பொருளைத் தீர்மானிக்க முடியாது, சட்டத்தின் சொற்களே ஆளும் என்ற நிலையை நீதிபதிகள் எடுத்தார்கள். பேச்சு என்பது பேசியவரின் எண்ணம், சபை முழுவதன் எண்ணம் ஆகிவிடாது என்பது அக்காலச் சட்ட மரபு.

அந்தக் கதவு மெல்லத் திறந்தது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் நீதிபதிகள் பலர் விவாதங்களை விரிவாக எடுத்துப் பேசினார்கள். அதைச் செய்யலாமா என்ற கேள்வியும் அங்கேயே எழுந்தது. 1992இல் மண்டல் வழக்கு எனப்படும் இந்திரா சாஹ்னி வழக்கில், இடஒதுக்கீடு பற்றி 1948 நவம்பர் 30 அன்று அம்பேத்கர் ஆற்றிய உரை முக்கிய இடம் பெற்றது. அந்தரங்க உரிமை குறித்த 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் நிர்ணய சபை விவாதங்கள் வருகின்றன. ஒரு காலத்தில் சாட்சிக்கூண்டில் ஏற அனுமதியில்லாதிருந்த ஆவணம், இன்று நம் வேலைவாய்ப்பையும் சுதந்திரத்தையும் தீர்மானிக்கும் வழக்குகளில் சாட்சி சொல்கிறது. குடிமக்கள் அதை நேராகப் படிக்க இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

திரையில்

நாடாளுமன்றத்தின் இணையதளம் வந்தபின் விவாதங்கள் எழுத்து வடிவில் அதில் ஏறின. நாளைச் சொடுக்கினால் அன்றைய பேச்சு முழுதும் திறக்கும். நூலகப் பயணத்தை ஒரே அடியில் தேவையற்றதாக்கிய மாற்றம் அது. அதே சமயம் ஒன்று தொலைந்தது. தட்டச்சு செய்து ஏற்றிய பக்கங்களில் பெரும்பாலும் அச்சுப் பக்க எண்கள் இல்லை. ஆய்வு நூலின் அடிக்குறிப்பு ஏழாம் தொகுதி, 231ஆம் பக்கம் என்று சொல்லும். திரையில் அந்தப் பக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தேதி தெரிந்தவருக்கு மட்டுமே வழி திறந்தது.

மறுபுறம் அச்சுத் தொகுதிகளையே பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யும் வேலை நடந்தது. இந்திய மின்னூலகத் திட்டத்தில் படமெடுத்த நூல்கள் பின்னர் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்துக்கும் வந்தன. அங்கே பக்க எண் உண்டு, அச்சு எழுத்து உண்டு, பழைய நூலகத்தின் முத்திரைகூட உண்டு. ஆனால் தலைப்பும் ஆண்டும் தப்பாகப் பதிவான கோப்புகள் ஏராளம். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருளுக்கு மங்கிய அச்சு பிடிபடாது. பெயர்கள் சிதையும், எண்கள் மாறும். தேடுபெட்டியில் ஒரு சொல்லைத் தட்டி எதுவும் வரவில்லை என்றால், அந்தச் சொல் ஆவணத்தில் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

இந்த இரண்டு குறைகளுக்கும் நடுவே பெரிய பாலம் கட்டியது பெங்களூரில் உள்ள சட்டம் மற்றும் கொள்கை ஆய்வு மையம் என்ற அமைப்பு. 2016இல் அது தொடங்கிய தளம் விவாதங்களைப் பத்தி பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பத்திக்கும் எண் கொடுத்தது. பேசியவர் பெயரால் தேடலாம், பிரிவு எண்ணால் தேடலாம். பின்னர் அது 'கான்ஸ்டிடியூஷன் ஆஃப் இந்தியா டாட் நெட்' என்ற தளத்தில் சேர்ந்தது. கிருஷ்ணமாச்சாரியின் பெயரை அங்கே தட்டினால் அவர் சபையில் பேசியவற்றை வரிசையாகப் பார்க்கலாம். அரசு ஆவணத்தை அரசுக்கு வெளியே இருந்தவர்கள் மக்களுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்த இந்த உழைப்பு மனமாரப் பாராட்டத்தக்கது.

அவையில் பேசாத பகுதிகளுக்கும் இணையத்தில் வழி பிறந்திருக்கிறது. 1891இல் கல்கத்தாவில் தொடங்கிய பதிவேட்டுத் துறைதான் இன்றைய தேசிய ஆவணக் காப்பகம். 2015 முதல் 'அபிலேக் படல்' என்ற தளத்தில் தன் கோப்புகளின் பட்டியலையும், ஸ்கேன் செய்த கோப்புகளையும் அது தருகிறது. சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தின் தாள்கள் அந்தக் காப்பகத்தின் சேகரிப்பில் உள்ளவை.

தேடுபவர்களுக்கு

இந்த ஆவணத்தைத் தேடிப் போகிறவர்கள் மூன்று இடங்களில் வழி தவறுவது வழக்கம். முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நேரம் மிஞ்சும்.

முதலாவது பிரிவு எண். 1948இல் விவாதித்தது வரைவின் எண்களை. இன்றைய எண்கள் வேறு. தீண்டாமை ஒழிப்பு இன்று 17ஆம் பிரிவு, வரைவில் 11. உயிர், உடல் சுதந்திரம் இன்று 21, வரைவில் 15. பேச்சுரிமை இன்று 19, வரைவில் 13. அரசு வேலையில் சமவாய்ப்பு இன்று 16, வரைவில் 10. 17ஆம் பிரிவு என்று 1948ஆம் ஆண்டு விவாதங்களில் தேடினால் தொடர்பில்லாத வேறொன்று வந்து நிற்கும். முதலில் வரைவு எண்ணைப் பிடியுங்கள்; பிறகு தேதி தானாக வரும்.

இரண்டாவது, ஒரே சபைக்கு இரண்டு வேலை இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் அதே உறுப்பினர்கள் அரசமைப்பை எழுதவும் கூடினார்கள், நாட்டின் நாடாளுமன்றமாகச் சட்டம் இயற்றவும் தனியாகக் கூடினார்கள். இரண்டாவது வேலைக்கு 1947 நவம்பர் முதல் அவைத்தலைவர் மவளங்கர். அதற்குத் தனி விவாதத் தொகுதிகள் உண்டு. அட்டையில் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். நவம்பர் 1948 விவாதம் என்று தவறான தொகுதியைத் திறந்து, தேடுவது கிடைக்கவில்லை என்று திரும்புகிறவர்கள் உண்டு.

மூன்றாவது, எல்லா முடிவும் அவையில் பிறக்கவில்லை. வரைவுக் குழுவின் அறைக்குள் என்ன பேசினார்கள், ஒரு சொல் ஏன் மாறியது என்பதற்கு விவாதத் தொகுதிகளில் விடை கிடைக்காமல் போகலாம். அதற்குச் சிவராவின் ஆவணத் தொகுதிகளையும் காப்பகக் கோப்புகளையும் பார்க்க வேண்டும். விவாதத்தில் இல்லாததால் அது நடக்கவே இல்லை என்று எழுதுவது பெரும் பிழையில் கொண்டுபோய் விடும்.

மேற்கோள் காட்டும்போது தொகுதி, தேதி, பக்கம் மூன்றையும் எழுதுவது நல்ல வழக்கம். இணைய முகவரி மட்டும் போதாது. நாடாளுமன்ற இணையதளத்தின் முகவரியே சில முறை மாறி, இப்போது 'சன்சத் டாட் இன்' என்று நிற்கிறது. பழைய முகவரியை அடிக்குறிப்பாகத் தந்த நூல்களில் அந்த அடிக்குறிப்புகள் செத்துப் போய்விட்டன. 1948 நவம்பர் 5, ஏழாம் தொகுதி, பக்கம் 231 என்று எழுதி வைத்தால், எந்தத் தளம் மூடினாலும் நூலகத்தில் அந்தப் பக்கம் கிடைக்கும்.

செய்ய வேண்டியவை

அரசு செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது. அச்சுப் பக்கத்தின் படமும், சரிபார்த்த எழுத்து வடிவமும் ஒரே திரையில் அருகருகே இருக்க வேண்டும். ஒரு முறை கொடுத்த முகவரி எத்தனை சீரமைப்பு வந்தாலும் மாறாமல் இருக்க வேண்டும். பிழை கண்டவர் சொல்ல ஒரு வழியும், திருத்தியதை அறிவிக்கும் பழக்கமும் வேண்டும். ஆங்கிலம் தெரியாத குடிமகனும் படிக்கும்படி, அதிகாரப்பூர்வமான மொழியாக்கம் நாட்டின் எல்லா மொழிகளிலும் மூலத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். மொழியின் பெயரால் யாரும் வெளியே நிற்கக்கூடாது என்று வாதாடிய பேச்சுகளை ஒரு மொழிக்காரர்கள் மட்டும் படிப்பது நியாயம் ஆகாது.

பள்ளிகள் செய்யக்கூடியதும் உண்டு. பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு விவாத நாளைக் கொடுத்து, யார் என்ன சொன்னார், யார் மறுத்தார், எது நிறைவேறியது என்று எழுதச் சொல்லலாம். அரசமைப்பை மனப்பாடம் செய்யும் பாடமாகக் காட்டுவதைவிட, மனிதர்கள் வாதாடி, விட்டுக்கொடுத்து, சில இடங்களில் தோற்று எழுதிய ஆவணமாகக் காட்டுவது பிள்ளைகளின் மனத்தில் நிற்கும். முனுசாமிப் பிள்ளையும் தாட்சாயணி வேலாயுதனும் தீண்டாமை ஒழிப்பு பற்றிப் பேசியதை அவர்களுடைய சொற்களிலேயே படிக்கும் மாணவருக்கு அந்தப் பிரிவு வெறும் எண்ணாக இருக்காது.

நம் பங்கு இன்னும் எளிது. ஒரு தலைவர் சொன்னதாக ஒரு வரி வந்தால், எந்தத் தேதியில் என்று கேட்போம். தேதி இருந்தால் அந்த நாளைத் திறந்து பேச்சை முழுதாகப் படிப்போம். தேதியே இல்லை என்றால் அதைப் பிறருக்கு அனுப்பாமல் இருப்போம். நமக்குப் பிடித்த வரிக்கும் இதே கண்டிப்பு வேண்டும். பிடிக்காத வரியை மட்டும் சோதிப்பது நேர்மையாகாது.

மக்கள் பணத்தில் கூடி, மக்கள் பெயரால் பேசி, மக்கள் பணத்தில் அச்சிட்ட ஆவணம் இது. எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான்கு இடங்கள்: 1948 நவம்பர் 4, 5, அதே மாதம் 29, 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை, 1949 நவம்பர் 25. ஏதாவது ஒரு நாளை எடுத்து, ஒரே ஒருவருடைய பேச்சை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள்.